ஒருமுறை எழுதினால் போதும்

நொய்டாவிலும் குருகிராமிலும் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கணினித் திரைமுன் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களிடம், இன்று என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பயணிகள் பட்டியல் என்பார் ஒருவர், நோயாளிகள் பட்டியல் என்பார் இன்னொருவர், கடையின் சரக்குப் பட்டியல் என்பார் மற்றொருவர். அவர்கள் எழுதிய நிரலைப் பிரித்துப் பார்த்தால் எல்லாரும் செய்திருப்பது ஒரே வேலைதான். பட்டியலில் ஒன்றைச் சேர்ப்பது, ஒன்றைத் திருத்துவது, ஒன்றை நீக்குவது, ஒன்றைத் தேடி எடுப்பது, எல்லாவற்றையும் ஏதோ ஒரு வரிசையில் காட்டுவது. இந்த ஐந்தையும் ஒவ்வொரு பட்டியலுக்கும் புதிதாக, ஏறக்குறைய அதே வரிகளில் மறுபடி மறுபடி எழுதுவதைத்தான் பாய்லர்பிளேட் என்று சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள்.

இது மென்பொருள்காரர்களின் சொந்தப் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைத்துவிடக் கூடாது. நம் பெயர், வயது, இருக்கை எண், கட்டிய தொகை எல்லாம் இன்று முதலில் போய் உட்காருவது நம் கைப்பேசித் திரைக்குப் பின்னால் இருக்கும் தற்காலிக நினைவில்தான். நிரலாளர்கள் அதை ஸ்டேட் என்கிறார்கள். அங்கே ஒரே விவரம் இரண்டு இடங்களில் இருந்து, ஓரிடத்தில் மட்டும் திருத்தப்பட்டால், அதன் பலனை அனுபவிப்பது நிரல் எழுதியவர் இல்லை. மருத்துவமனை வரிசையிலும் ரயில் நிலைய வாசலிலும் நிற்கும் நாம்தான்.

இந்தச் சிக்கல் கைப்பேசியோடு பிறந்ததும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் தில்லி இதை மூன்று முறை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. ஒருமுறை வாக்காளர் பட்டியலில், ஒருமுறை நூலக அட்டையில், ஒருமுறை ரயில்வே பேரேட்டில். அந்த மூன்று அனுபவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இன்றைய நிரலாளர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் அங்கேயே இருப்பது தெரியும்.

முதலாவது, 1950-ல் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் சுகுமார் சென் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரானார். வயது வந்தோர் எல்லாருக்கும் வாக்குரிமை என்று அரசியலமைப்பு சொல்லிவிட்டது. அந்த எல்லாரும் யார் யார் என்று எழுதி வைக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. 17 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பட்டியல்களைத் தொகுதிவாரியாகத் தொகுத்துத் தட்டச்சு செய்ய மட்டும் சுமார் 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டார்கள்.

அந்தப் பட்டியல்களில் ஒரு பெரிய இடர் தெரிந்தது. வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைக் கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிவானார்கள். சென் இதை ஏற்கவில்லை. ஒரு வாக்காளரை அவருடைய பெயரால்தான் பதிய வேண்டும், இன்னொருவருடைய உறவாகப் பதிய முடியாது என்று உறுதியாக நின்றார். சொந்தப் பெயர் கிடைக்காத ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. 1951-52 தேர்தலில் அவர்களால் வாக்களிக்க முடியவில்லை. அந்த இழப்பு சிறியதல்ல. ஆனாலும் அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் தங்கள் பெயரிலேயே பட்டியலுக்குள் வர வேண்டும் என்ற எண்ணம் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது.

இதில் தொகுப்புகளைக் கையாளும் எவருக்கும் முதல் விதி இருக்கிறது. பதிவு ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய அடையாளம் வேண்டும். இன்னொன்றைச் சார்ந்த அடையாளம் நிலைக்காது. திரையில் பட்டியல் காட்டும் இளம் நிரலாளர்கள் இன்றும் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு பயணச்சீட்டுப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு பயணிகளுக்கு ஆறு வரிகள். வரிசையில் மூன்றாவதாக இருப்பவர் என்பதையே பலர் அந்தப் பயணியின் அடையாளமாக வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது வரியை நீக்கியதும் மூன்றாமவர் இரண்டாமவராகிவிடுகிறார். நீக்கப்பட்டவர் கேட்டிருந்த கீழ்ப்படுக்கை இப்போது வேறொருவர் பெயருக்கு நேராக நிற்கிறது. திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற கருவியைப் பயன்படுத்தும் பலரும் ஒருமுறையாவது சந்தித்திருக்கும் பிழை இது. வரிசை எண் என்பது இன்னாருக்கு அடுத்தவர் என்று சொல்வது. அது பெயர் ஆகாது.

இரண்டாவது அனுபவம் நம்மவர் ஒருவருடையது. சீர்காழியில் 1892-ல் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1947-ல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அழைத்தவர் துணைவேந்தர் மாரிஸ் குவையர். நூலகவியலைப் பட்டமேற்படிப்பாக இந்தியாவில் நிலைநிறுத்திய ஆண்டுகள் அவை. 1951 அக்டோபர் 27 அன்று யுனெஸ்கோவின் துணையோடு உருவான தில்லி பொது நூலகத்தை நேரு திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு அறிவியல் ஆவண மையமான இன்ஸ்டாக் தில்லியில் தோன்றியது. அதன் பிறப்பில் ரங்கநாதனுக்குப் பெரும் பங்குண்டு.

அவர் 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. ஊழியரின் நேரமும் வீணாகக் கூடாது என்பதை அதன் தொடர்ச்சியாகவே அவர் பார்த்தார். அட்டைப் பட்டியலில் இந்த இரண்டும் மோதும் இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு நூலை ஆசிரியர் பெயரில் ஒருவர் தேடுவார், தலைப்பில் ஒருவர், பொருளில் ஒருவர். மூன்று அட்டையிலும் முழு விவரத்தை எழுதினால் எழுத்தர் கை ஓயும். பதிப்பாண்டில் பிழை கண்டால் மூன்றையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் நூலகமே தனக்குத்தானே முரண்படும். ரங்கநாதனின் பட்டியல் விதிகளில் முழு விவரமும் முதன்மைப் பதிவு ஒன்றில்தான் இருக்கும். மற்றவை சுருக்கமானவை. அந்த நூலின் எண்ணை மட்டும் தாங்கி நிற்பவை.

அதைவிட அழகானது அவருடைய சங்கிலி முறை. நெற்பயிரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் அகராதியில் இதற்கு எத்தனை பதிவுகள் போடுவது? வேளாண்மை, நெல், நோய் என்ற மூன்றையும் எல்லா விதமாகவும் மாற்றி மாற்றி அடுக்கினால் ஆறு வரும். பொருள் இன்னும் நுட்பமானால் எண்ணிக்கை கட்டுக்கடங்காது. ரங்கநாதன் நூலின் வகை எண்ணைக் கடைசிக் கண்ணியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொன்னார். நோய், நெல், வேளாண்மை என்று ஒரு பதிவு. நெல், வேளாண்மை என்று ஒன்று. வேளாண்மை என்று ஒன்று. மூன்றோடு முடிந்தது. அடுத்த வாரம் நெல்லுக்கான எரு பற்றி ஒரு நூல் வந்தால் எரு, நெல், வேளாண்மை என்ற ஒரே ஒரு பதிவைச் சேர்த்தால் போதும். மேலே உள்ள இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை இனி வரப்போகும் நெல் நூல்கள் அத்தனைக்கும் பொது. 1950-ல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த முறையைத்தான் பின்பற்றியது.

அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரே நூலை ஆயிரம் நூலகங்கள் வாங்கினால் ஆயிரம் பேர் தனித்தனியாக அதற்கு வகை எண் கொடுத்துப் பட்டியல் எழுத வேண்டுமா? நூல் அச்சாகும்போதே அந்த விவரத்தைத் தயாரித்து அதற்குள்ளேயே அச்சிட்டுவிடலாமே என்று வாதாடினார். அமெரிக்க நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1901 முதல் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்றுவந்தது. பின்னாளில், 1971-ல், நூலுக்குள்ளேயே பட்டியல் விவரத்தை அச்சிடும் திட்டத்தையும் தொடங்கியது. இன்று நாம் வாங்கும் பல நூல்களின் உரிமைப் பக்கத்தில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது.

ரங்கநாதன் தந்த இரண்டாம் விதி இது. முழு விவரம் ஓரிடத்தில் இருக்கட்டும். மற்ற இடங்களில் அதன் எண் மட்டும் போதும். கணினி உலகம் இதையே வேறு வழியாக வந்தடைந்தது. 1970-ல் ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகப் பிரித்துப் பொதுவான மதிப்புகளால் இணைக்கும் முறையைக் கணித அடிப்படையில் முன்வைத்தார். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் வைத்தால் என்றாவது ஒருநாள் இரண்டும் வேறுபடும் என்ற கவலை அவருக்கும் இருந்தது. இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின் மேல் நிற்பவை.

மூன்றாவது அனுபவத்தை ஐம்பது வயதைக் கடந்த தில்லித் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊருக்குப் போகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் பிடிப்பது ஒரு நாள் வேலை. ரயிலுக்கு ஒரு பேரேடு, அதில் தேதிக்கு ஒரு தாள், தாளில் படுக்கை வாரியாகப் பெயர்கள். பேரேட்டை ஒரு நேரத்தில் ஓர் எழுத்தர்தான் வைத்திருக்க முடியும். ஆகவே அந்த ரயிலுக்கு அந்த ஒரு ஜன்னல்தான். பக்கத்து ஜன்னலில் ஆளே இல்லாவிட்டாலும் அங்கே போய்ப் பயனில்லை. திரும்பி வரும் பயணத்துக்குத் தந்தி அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். வழியில் உள்ள நிலையங்களுக்கு ஒதுக்கிய இடம் காலியாகக் கிடந்தாலும் தில்லிக்குத் தெரியாது.

1985 நவம்பரில் புதுதில்லியில் இம்ப்ரெஸ் என்ற கணினி முன்பதிவு தொடங்கியது. அரசு நிறுவனமான சிஎம்சி அதை உருவாக்கித் தந்தது. பதிவு ஓரிடத்துக்கு வந்ததும் எந்த ஜன்னலிலும் எந்த ரயிலுக்கும் சீட்டு வாங்க முடிந்தது. அடுத்த ஆண்டே ரயில்வே தனக்கென்று கிரிஸ் என்ற தகவல் மையத்தைத் தில்லியில் நிறுவியது. அதன் கான்சர்ட் மென்பொருள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களையும் 1999-ல் ஒன்றோடொன்று இணைத்து முடித்தது. பத்து இலக்கப் பிஎன்ஆர் எண் ஒன்று கையில் இருந்தால் நாட்டின் எந்த மூலையிலும் அந்தப் பயணத்தை எடுத்துப் பார்க்கலாம். 2002 ஆகஸ்ட் 3 அன்று ஐஆர்சிடிசி இணையத்தில் சீட்டு விற்கத் தொடங்கியபோது ஜன்னல் நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

ஆனால் அந்தப் புதிய ஜன்னலில் ஒரு மாற்றம் இருந்தது. நிலையத்தில் எழுத்தர் முன்னால் இருந்த டெர்மினலுக்குச் சொந்த நினைவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. மையக் கணினி சொன்னதைக் காட்டும், விரல் தட்டியதை அனுப்பும். உலாவியும் கைப்பேசியும் அப்படி இல்லை. அவை பட்டியலை வாங்கித் தமக்குள் வைத்துக்கொண்டு, வடிகட்டி, வரிசை மாற்றி, பாதித் திருத்தத்தோடு காத்திருக்கின்றன. பேரேட்டிலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த உண்மை, கோடிக்கணக்கான கைப்பேசிகளில் மறுபடி நகல் நகலாகப் பரவியது. பழைய சிக்கல் புது வீட்டில் குடியேறியது இப்படித்தான்.

2014-ல் ஃபேஸ்புக் நிறுவனப் பொறியாளர்கள் மேடையேறித் தங்கள் தளத்தில் தீராமல் இருந்த ஒரு பிழையை விவரித்தார்கள். புதிய செய்தி ஒன்று வந்திருப்பதாக மேலே எண் காட்டும்; திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. சரிசெய்வார்கள், சில நாளில் திரும்ப வரும். படிக்காத செய்தி எத்தனை என்ற ஒரே விவரத்தைத் திரையின் பல பகுதிகள் தனித்தனியாக நினைவில் வைத்திருந்ததே காரணம். அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு ஃப்ளக்ஸ். எல்லா மாற்றமும் ஒரே திசையில், ஒரே வாசல் வழியாக நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த எண்ணத்தைச் சுருக்கித் தெளிவாக்கி டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் 2015-ல் ரீடக்ஸ் என்ற தொகுதியை உருவாக்கினார்கள். உண்மை ஓரிடத்துக்குத் திரும்பியது.

அதற்குக் கொடுத்த விலைதான் பாய்லர்பிளேட். 2016-ல் பயணிகள் பட்டியலில் ஒருவரைச் சேர்க்க ஒரு நிரலாளர் என்ன செய்தார் என்று பார்க்கலாம். பயணியைச் சேர்த்தல் என்ற செயலுக்கு ஒரு கோப்பில் பெயர் வைப்பார். அந்தப் பெயர் தாங்கிய ஆக்‌ஷனை உண்டாக்க இன்னொரு கோப்பில் ஒரு செயற்கூறு எழுதுவார். மூன்றாவது கோப்பில், ரெடியூசரில், அந்தப் பெயரைக் கண்டால் என்ன செய்வது என்று எழுதுவார். திருத்துவதற்கும் நீக்குவதற்கும் இதே மூன்று. ஒரு பட்டியலுக்கு ஒன்பது துண்டு நிரல். ரயில்கள், முன்பதிவுகள் என்று இன்னும் இரண்டு பட்டியல்கள் சேர்ந்தால் இருபத்தேழு. ஒன்றை நகலெடுத்து ஒட்டிப் பெயரை மாற்றும்போது ஓரிடத்தில் மாற்ற மறந்தால் ரயிலை நீக்கப் போய்ப் பயணியை நீக்கிவிடும்.

ரெடியூசருக்குள்ளும் சுமை இருந்தது. பழைய நிலையைத் தொடாமல் நகலெடுத்துத்தான் மாற்ற வேண்டும். முன்பதிவுக்குள் பயணி, பயணிக்குள் முகவரி, முகவரிக்குள் அஞ்சல் எண் என்று அடுக்கி வைத்திருந்தால், அந்த ஆறு இலக்கத்தை மாற்ற ஒவ்வோர் அடுக்கையும் நகலெடுக்க வேண்டும். ஓரடுக்கில் நகல் விட்டுப்போனால் முகவரியின் மற்ற வரிகள் எல்லாம் காணாமல் போகும். எழுதியவருக்கு அலுப்பு, படிப்பவருக்குக் குழப்பம், சோதிப்பவருக்குத் தலைவலி.

இதற்கு விடை பல கைகளிலிருந்து வந்தது. அடுக்கடுக்கான தரவைத் தட்டையாகப் பிரிக்க நார்மலைசர் என்ற சிறு கருவியை அப்ரமோவ் முன்பே எழுதியிருந்தார். திரைகளைக் கட்டும் இன்னொரு கருவியான ஆங்குலரின் உலகில் என்ஜிஆர்எக்ஸ் குழுவினர் 2017-ல் என்டிட்டி என்ற தொகுதியை வெளியிட்டார்கள். நகலெடுக்கும் சுமையை இம்மர் என்ற தொகுதி தன் தோளில் ஏற்றுக்கொண்டது. 2019-ல் வந்த ரீடக்ஸ் டூல்கிட் இவற்றை ஒருங்கிணைத்தது. 2020 மார்ச்சில் என்ஜிஆர்எக்ஸின் என்டிட்டி முறையையும் தனக்குள் கொண்டுவந்தது.

அந்த முறையின் உள்ளமைப்பை ரங்கநாதனுக்குக் காட்டியிருந்தால் உடனே புரிந்திருக்கும். எந்தத் தொகுப்பாக இருந்தாலும் அதில் இரண்டே பகுதிகள். ஒன்றில் எண்கள் மட்டும், வரிசையாக. இன்னொன்றில் எண் சொன்னால் முழுப் பதிவையும் எடுத்துத் தரும் பெட்டகம். வரிசையை மாற்ற விரும்பினால் எண்களை மாற்றி அடுக்கினால் போதும், பதிவுகள் அசைவதில்லை. மூத்த குடிமக்களை மட்டும் காட்ட வேண்டுமா, அவர்களுடைய எண்களின் பட்டியல் ஒன்று போதும். பதிவு ஒருமுறை திருத்தப்பட்டால் அதைச் சுட்டும் எல்லாப் பட்டியலிலும் திருத்தம் தெரியும். சேர்த்தல், திருத்தல், நீக்கல், எடுத்தல் ஆகியவற்றுக்கான செயற்கூறுகள் தயாராகக் கிடைக்கின்றன. பயணிக்கும் ரயிலுக்கும் முன்பதிவுக்கும் அவையே பொது. இருபத்தேழு துண்டுகள் சில வரிகளாகச் சுருங்குகின்றன.

வரிகள் குறைவதைவிடப் பெரிய நன்மை ஒன்று இதில் இருக்கிறது. சேர்க்கப் போகும் எண் ஏற்கெனவே தொகுப்பில் இருந்தால் என்ன செய்வது? ஆட்ஒன் என்ற செயற்கூறு பழையதைத் தொடாமல் விட்டுவிடும். செட்ஒன் பழையதை அகற்றிப் புதியதை வைக்கும். அப்சர்ட்ஒன் பழையதில் இல்லாததைச் சேர்த்து, இருப்பதைப் புதுப்பிக்கும். மூன்றும் மூன்று வெவ்வேறு முடிவுகள். கையால் எழுதிய காலத்தில் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்ளவே இல்லை; ஒரே பயணி இரண்டு முறை தெரியும் பிழை அதனால் வந்தது. இப்போது செயற்கூறின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது. அலுப்பூட்டும் வேலையை எடுத்துக்கொண்டு யோசிக்க வேண்டிய கேள்வியை நிரலாளர் கையில் கொடுப்பது நல்ல கருவியின் இலக்கணம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லாவிட்டால் கடமை தவறியதாகும். பார்க்க ஒன்றுபோல் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பொருட்கூடையிலிருந்து ஒரு பொருளை நீக்குவதும், மருத்துவப் பதிவிலிருந்து ஒரு மருந்தை நீக்குவதும் நிரலில் ஒரே வரியாக இருக்கலாம். முன்னதை அழித்துவிடலாம். பின்னதை யார், எப்போது, ஏன் நிறுத்தினார் என்று எழுதி வைக்க வேண்டும். நான்கு வரி மிச்சம் என்று இரண்டையும் ஒரே அச்சில் வார்த்தால் பின்னால் பிரிக்க நாற்பது நாள் ஆகும். பொருள் ஒன்றானால்தான் நிரலும் ஒன்றாக வேண்டும்.

இரண்டாவது, கைப்பேசியில் இருப்பது எப்போதும் நகலே. காத்திருப்போர் பட்டியலில் நம் இடம் என்ன என்பதற்கான உண்மை மைய வழங்கியில்தான் இருக்கிறது. திரையில் தெரிவது சற்று முன்பிருந்த நிலை. எத்தனை ஒழுங்காக அடுக்கினாலும் பழையது பழையதுதான். ரியாக்ட் குவெரி, 2021-ல் வந்த ஆர்டிகே குவெரி போன்றவை இந்த வேறுபாட்டை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, நகலை எப்போது புதுப்பிப்பது என்பதைத் தாமே கவனிக்கின்றன. பல செயலிகளில் ஸ்டேட் என்று கட்டிக் காத்துவந்ததில் பெரும்பகுதி வழங்கியின் நகல்தான் என்று தெரிந்ததும், எழுத வேண்டிய நிரல் இன்னும் குறைந்தது. எழுதவே தேவையில்லாத நிரலைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய சிக்கனம் இல்லை.

தில்லிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 1976-ல் இங்கே தொடங்கிய தேசியத் தகவலியல் மையம் முதல் நேற்று ஒப்பந்தம் எடுத்த சிறு நிறுவனம் வரை, அரசுச் சேவைகளின் திரைகளை எழுதுபவர்கள் ஏராளம். ஒரே குடிமகனின் பெயர் ஒரு சேவையில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் நிற்பதால் ஓய்வூதியமும் உதவித்தொகையும் தடைபடுவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அதற்கெல்லாம் திரை நிரல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் முதலில் தட்டச்சாவது அந்தத் திரையில்தான். அங்கே பதிவுக்குச் சொந்த அடையாளம், முழு விவரத்துக்கு ஓரிடம், வழக்கமான வேலைக்குப் பொதுவான செயற்கூறு என்ற மூன்றும் இருந்தால், பின்னால் வரும் துன்பத்தில் ஒரு பங்காவது குறையும்.

கல்லூரிகளில் நிரல் கற்பிக்கும் ஆசிரியர்களே, மாணவருக்கு முதல் பட்டியலைக் கையால் முழுவதும் எழுதச் சொல்லுங்கள். உள்ளே நடப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது பட்டியல் வரும்போது பொதுவானதைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுங்கள். நிறுவனங்களில் நிரலாளருக்கு வேலை பிரித்துத் தருபவர்களே, எழுதிய வரிகளை எண்ணி உழைப்பை அளக்காதீர்கள். இளம் நிரலாளர்களே, மிச்சமாகும் நேரத்தை இன்னொரு திரையை அவசரமாக முடிப்பதில் செலவிடாதீர்கள். உங்கள் படிவத்தில் தமிழ்ப் பெயரின் தலைப்பெழுத்து சரியாக ஏறுகிறதா, ஒற்றைப் பெயர் கொண்டவரைப் படிவம் திருப்பி அனுப்புகிறதா, முதியவர் தவறாக அழித்த வரியை மீட்க வழியுண்டா என்று பாருங்கள். எந்த மென்பொருள் தொகுதியும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது. ஊழியரின் நேரத்தை மிச்சப்படுத்துவது வாசகருக்காகத்தான் என்று ரங்கநாதன் நம்பினார். நிரலாளரின் நேரத்தை மிச்சப்படுத்துவதும் அந்தப் படிவத்தை நிரப்பப்போகும் மனிதருக்காகவே இருக்க வேண்டும்.